செம்பு நீங்கிய ஊர்

ஐப்பசி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பதினெட்டு நிமிடத்துக்கு, குடை விரித்தால் அதிகம் என்றும் விரிக்காவிட்டால் போதாது என்றும் தோன்றும்படியான தூறல் மேலைவலசின் மேல் விழுந்துகொண்டிருக்க, கணவாய்க் காற்று கடைவீதியின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போன வேளையில், அய்யாசாமி பத்தரின் நகைக்கடையில், முதல் பிறந்தநாள் வரவிருக்கும் தன் பெண் குழந்தைக்கு எடுக்கும் காப்பு இருபத்திரண்டு காரட்டில் இருக்க வேண்டுமா பதினெட்டுக் காரட்டில் இருக்க வேண்டுமா என்று, விசைத்தறிக்காரர் வீட்டு ருக்குமணி தன் நாத்தனாரோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்.

"இவ நாளெல்லாம் கைய தரையில அடிச்சு அடிச்சு வெளையாடறா. பதினெட்டுத்தான் தாங்கும்," என்றாள் ருக்குமணி.

"உன்ற பொறந்த ஊட்டுல அப்படிப் போடுவாங்களாட்ட இருக்குது. எங்கூட்டுல பதினெட்ட ஆரும் தங்கமுன்னே சொல்றதில்ல."

"தங்கமுன்னு சொல்லாட்டிப் போகுது. காப்புன்னு சொன்னாப் போதும்."

பத்தர் சிரிக்காமல் இருவருக்கும் பொதுவாகத் தட்டைப் பார்த்துச் சொன்னார். "சுத்தமுன்னா இருபத்திநாலுங். அது காசா வார்த்துப் பொட்டிக்குள்ள பூட்டி வெக்கத்தான் ஆகும். மனுசரு மேல போடோணுமுன்னா அதுக்குத் தொணை வேணும். இருபத்திரண்டுல பன்னண்டுல ஒரு பங்கு செம்பும் வெள்ளியும் தொணைக்கு நிக்குதுங். பதினெட்டுல காவாசிப் பங்கு நிக்குது. தொணை ஏற ஏற நெறங் கொறையும், பலங் கூடும். ரெண்டும் சேந்து வேணுமுன்னா நாம போயி மலைமேல சாமிகிட்டத்தானுங் கேக்கோணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இருந்த காப்புகள் வேர்த்தன. முதலில் பனித்தது போலவும், பின்பு உப்புப் பூத்தது போலவும், அதன்பின் செங்கல்லை அரத்தால் ராவியது போலவும் ஒரு மெல்லிய செந்தூள், ஆங்காங்கே சாம்பல் நிறம் கலந்து, நீல வெல்வெட்டின் மேல் உதிர்ந்தது. பத்தர் அதை வாயால் ஊதிவிட்டு ஒரு காப்பை எடுத்தார். அது அவருடைய கட்டைவிரலுக்கு இடம் கொடுத்து உள்ளே வளைந்தது. தராசில் வைத்தார், எடை குறைந்திருந்தது. உரைகல்லில் இருபத்திரண்டையும் பதினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்தார். இரண்டு கோடுகளும் ஒரே கோழிமுட்டையின் கருவைத் தொட்டு இழுத்தவை போல இருந்தன. கல்லைத் துடைத்து மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "தங்கம் அப்படியேதானுங் இருக்குது," என்றார். "தொணைக்கு நின்னதுதான் எறங்கிப் போயிருச்சு."

அதே நிமிடத்தில் ஊரிலுள்ள எல்லா வீடுகளிலும் அது நடந்திருந்தது. அலமாரிக்குள் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்த ஆரங்களிலிருந்தும், மாவு பிசைந்துகொண்டிருந்த கைகளின் வளையல்களிலிருந்தும், உறங்கிக்கொண்டிருந்தவர்களின் காதுகளிலிருந்தும் செம்பு நீங்கிற்று. சோற்றில் விழுந்தது, தலையணையில் விழுந்தது, பாலில் விழுந்து அடியில் தங்கியது. மேலைவலசின் பெண்கள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார்கள். ஏனென்றால் கூட்ட வேண்டியது கண்ணுக்குத் தெரியும்போது காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது அந்த ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமில்லை.

முதல் வாரம் எடை குறைந்ததற்காக ஊர் வருந்தியது. இரண்டாம் வாரம், எடை குறைந்தாலும் எஞ்சியிருப்பது கலப்பற்ற அபரஞ்சி என்பதை எண்ணிப் பெருமைப்படத் தொடங்கியது. பத்தர் தன் உலையில் செம்பை மறுபடியும் கலந்து பார்த்தார். உருகும்போது இரண்டும் ஒன்றாகவே சுழன்றன. ஆனால் அச்சில் ஊற்றி ஆறிய மாத்திரத்தில், பேசி முடித்துக்கொண்டவர்களைப் போல அவை பிரிந்தன. அமராவதிப் பாலத்துக்கு அக்கரையில் மட்டும் இந்த விதி செல்லவில்லை. அக்கரைக் கடைகளில் இருபத்திரண்டும் பதினெட்டும் முன்பு போலவே விற்றன. அவற்றை வாங்கி அணிந்துகொண்டு வந்தவர்கள் பாலத்தின் நடுவே வரும்போது பேருந்துக்குள் செந்தூள் கொட்டியது. நடத்துநர்கள் கடைசி நிறுத்தத்தில் அதைக் கூட்டி அள்ளிப் பாத்திரக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அடித்த செம்புச் சொம்புகள் அந்த வருடத்துக் கல்யாணங்கள் எல்லாவற்றிலும் சீர்வரிசையில் வந்தன. இருபத்திரண்டே வேண்டும் என்ற சில குடும்பங்கள் அக்கரைக்குக் குடிபெயர்ந்தன. மற்றவர்கள் இருந்து, பழகிக்கொண்டார்கள்.

பழக்கம் என்பது இதுதான்: தனித்து நின்ற தங்கம் அவ்வளவு மென்மையாக இருந்ததால், தன்னைத் தொட்டது எதுவோ அதன் வடிவத்தை அது வாங்கிக்கொண்டது. கல் பதித்த தோடுகள் கற்களைக் கைவிட்டன. சங்கிலியின் கண்ணிகள் தூக்கத்தில் நீண்டன. மோதிரங்களில் பேனாவின் பள்ளம் விழுந்தது. தாலிகளிலோ எல்லாமே விழுந்தன: சட்டைப் பித்தான், மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, பாயின் கோரை, பால்பற்கள், யாரோ ஒருவருடைய முகவாய். ஆகவே பெண்கள் மல்லாந்து உறங்கக் கற்றார்கள். பேருந்தில் ஓர் இருக்கைக்கு ஒருவர் என்று உட்கார்ந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய அக்காளும் தங்கையும் கட்டிக்கொள்வதை விட்டு, ஒரு முழம் தள்ளி நின்று கும்பிட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள், கீறலற்ற தங்கம் உள்ள வீடு ஒழுங்கான வீடு என்றும், நசுங்கிய தங்கம் உள்ள வீடு விடிந்தால் எழுந்து வாசல் தெளிக்காத வீடு என்றும் ஒரு கருத்து எப்படியோ உண்டாகிவிட்டது. தைமாதத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணின் தாயுடைய தாலியைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஊரில் கோகிலவாணி என்பவள் இருந்தாள். நாற்பத்தாறு வயது. அக்கரையில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளுடைய கணவர் சிவசண்முகம் நூல் தரகர். ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டியே அது எந்த மில்லில் நூற்றது என்று சொல்லிவிடுவார் என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சண்டையும் இல்லை. கல்யாணமான நான்காம் வருடம் அவருக்கு டைபாய்டு வந்தபோது, அவளுக்குத் தொற்றிவிடக்கூடாது என்று தன் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். காய்ச்சல் போயிற்று. கட்டில் அங்கேயே இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல அவளுக்கும், கொண்டுவர அவருக்கும், ஒரு நாள் வாய்க்கவில்லை. வாய்க்காத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு சுவராயின. எரிவாயு உருளை வந்ததா என்று கேட்டார்கள், வந்தது என்றார்கள், மோருக்கு உப்புப் போதுமா என்று கேட்டார்கள், போதும் என்றார்கள். அந்தச் சுவரில் அவர்களில் ஒருவரும் ஒருபோதும் தலையை முட்டிக்கொண்டதில்லை. அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியும்.

செம்பு நீங்கிய அன்று அவள் மாலைப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். பாலத்தின் நடுவே தன் முந்தானையில் செந்தூள் உதிர்வதைப் பார்த்தாள். தனிமங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் அவள். இருந்தாலும் அவளுக்கு வியப்பு வரவில்லை. மாறாக, ஊரார் எல்லாம் எதற்கு அஞ்சினார்களோ அதற்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். இனி யாராவது தொட்டால் தெரியும். இத்தனை வருடம் நடந்ததா நடக்கவில்லையா என்று தனக்கே ஐயமாக இருந்த ஒன்றுக்கு இனி ஒரு சாட்சி இருக்கும். குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடியின் முன் நின்று தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வழவழப்பாக இருக்கும்.

மார்கழியில் அவள் அதைப் பத்தரிடம் கொண்டு போனாள். ஊர்த் தாலிகளையெல்லாம் அகேட் என்னும் வழவழப்பான மெருகுக்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சமன்செய்வதே அப்போது அவருடைய தொழிலாக இருந்தது. விளக்கடியில் வைத்து, லென்சைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நான் பண்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்லீங் அம்மிணி."

"ஒண்ணுமேவா இல்லீங்க?"

"உங்க பெருவெரலு மட்டும் ஓரத்துல லேசாத் தெரியுது. கழட்டறப்பப் படறது. வேற ஆரு சாயலும் இல்லீங்." லென்சை எடுத்துவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தார். "இருவத்திநாலு வார்த்த அன்னிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்குது. எப்படித்தான் இந்த மாதர வெச்சிருக்கீங்களோ."

அவள் தாலியை வாங்கிக்கொண்டாள். பத்தர் நல்ல மனிதர். நல்லதைக் கண்டால் அவரால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பொங்கலுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் அவள் வீட்டுக்கு வந்து தாலியைப் பார்த்தார்கள். தொடாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்தில் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எப்படிப் படுப்பீர்கள், என்ன சோப்பு, கழற்றி வைப்பதா போட்டுக்கொண்டே இருப்பதா என்று கேட்டார்கள். அவளுக்கு வாழ்க்கையில் அவ்வளவு விருந்தாளிகள் அதற்குமுன் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தார்கள். போகும்போது அவளுடைய தோளைத் தட்ட நீண்ட கைகளை நினைவு வந்து இழுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு ருக்குமணி மட்டும் தன் தாலியை மறைக்கவும் இல்லை, பத்தரிடம் கொடுத்துத் தேய்க்கவும் இல்லை. அது சப்பையாகி, நடுவில் நான்கு துளையோடு ஒரு பித்தானின் அச்சும், ஓரமெல்லாம் எலி கொறித்தது போலக் குழந்தையின் பல்லும் விழுந்து, பார்ப்பதற்கு ஒரு பழைய சோளப் பொரியைப் போல இருந்தது.

"குழாயடியில என்ன பேச்சுன்னு கேட்டீங்களா டீச்சரக்கா?" என்றாள் ஒரு நாள், மதில் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு. "'உன்ற ஊட்டுக்காரரு சட்டைல மூணாவது பித்தான் பெருசாட்ட இருக்குது ருக்குமணி'ங்கறாளுக. நான் சொன்னேன், ஆமா, நாலாவது பித்தான் தாலிக்குப் பின்னாடிப் பக்கம் இருக்குது, திருப்பிக் காட்டட்டுமான்னு. அவளவ கொடத்தத் தூக்கிட்டு நடையக் கட்டிட்டா."

கோகிலவாணி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். குழந்தை தன்விகா அந்தச் சிரிப்பைப் பார்த்து, மதிலிலிருந்து சாய்ந்து, ஈரமான கையை நீட்டி அவளுடைய சங்கிலியைப் பற்றப் போயிற்று. கோகிலவாணி பின்வாங்கவில்லை, ஒரு விரற்கடை முன்னால்கூட நகர்ந்தாள். ருக்குமணிதான் குழந்தையின் கையைப் படக்கென்று பிடித்து இழுத்தாள்.

"வேண்டாஞ் சாமி. அது அம்மாவுது மாதர இல்ல. கெட்டுப் போயிரும்."

"பரவால்ல ருக்கு, உடு."

"அய்யோ, ஊரு என்னையத்தானுங்க்கா வெய்யும்."

அதன்பின் ஒரு காலையில் கோகிலவாணி தானே ஒரு வழி செய்து பார்த்தாள். முன்னறைக் கதவருகே போய், கழுத்தைத் திருப்பி நின்றுகொண்டு, "என்னுங்க, இந்தக் கொக்கி நழுவுது. சித்தெ மாட்டி உடுங்க," என்றாள். சிவசண்முகம் நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருடைய மூச்சு தன் பிடரியில் படும் தொலைவில் அவர் நின்றதை அவள் உணர்ந்தாள். பிறகு ஒரு துணியின் உரசல் கேட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு, முள்ளெடுப்பவரைப் போலக் கொக்கியை மாட்டினார்.

"படாம மாட்டிட்டேன்," என்றார்.

மாசி மாதக் கடைசியில் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா முத்துரத்தினம் அவர்கள் வீட்டுக்கு வந்தார். பங்குனியில் அம்மனுக்குத் திருக்கல்யாணம். ஒவ்வொரு வருடமும் ஊரில் ஒரு தம்பதியை மணையில் உட்கார வைப்பார்கள். அம்மனுக்குத் தாலி ஏறுவதற்கு முன்னால், மணையில் இருக்கும் கணவன் தன் மனைவியின் தாலியை இரண்டு விரலால் எடுத்துப் பிடித்து, அதில் குங்குமம் வைத்து, ஊருக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பூசாரி அம்மன் கழுத்தில் தாலியைப் பூட்டுவார். மனிதரைப் பார்த்துத்தான் தெய்வம் சம்மதிக்கும் என்பது மேலைவலசின் ஐதீகம்.

"இந்த வருசம் ஓட்டுப் போட்டெல்லாம் பாக்கலீங் டீச்சரம்மா," என்றார் முத்துரத்தினம். "கூட்டத்துல உங்க பேரச் சொன்னதும் எதுத்து ஒரு வார்த்தை வரல. மத்தவங்க தாலிய அம்மனுக்கு முன்னால காட்றதுக்கு எங்குளுக்கே கூச்சமா இருக்குதுங்."

சிவசண்முகம் தரையைப் பார்த்தபடி மெல்லச் சிவந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை அவள் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. "பெரியவங்க சொன்னா மறுப்பேதுங்க," என்றார்.

கோகிலவாணி காபித் தம்ளரை நீட்டினாள். அவள் நினைத்தது கௌரவத்தைப் பற்றி அன்று. இரண்டு விரல். ஊர் பார்க்க, அம்மன் பார்க்க, சடங்கு கட்டளையிட, அவர் தன் இரண்டு விரல்களால் அதைப் பிடித்தே ஆக வேண்டும். கேட்டு வாங்கியதாக இருக்காது. கெஞ்சியதாகவும் இருக்காது. ஒரு கணம் பிடித்தாலும் போதும், கட்டைவிரலின் ரேகை அதில் இருக்கும், அதன்பின் கண்ணாடியின் முன் நிற்கும் காலைகளில் அவள் தனியாக இருக்கமாட்டாள். அந்த நாட்களில் அவள் பள்ளியில் பாடம் நடத்தும்போதுகூடச் சற்று உரக்கப் பேசினாள் என்று மாணவிகள் சொல்லிக்கொண்டார்கள்.

திருக்கல்யாணத்தன்று மாலை வெயில் சாய்ந்த பிறகு, வேப்பிலைத் தோரணத்தின் கீழே, பட்டுப் புடவையில் அவளும் பட்டு வேட்டியில் அவரும் மணையில் உட்கார்ந்தார்கள். மேளம் ஓய்ந்தது. ஊர் தள்ளித் தள்ளி நின்று பார்த்தது. பூசாரி தாம்பாளத்தை நீட்டினார். அதில் நீரில் குழைத்த குங்குமக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், இலை களைந்து நீளமாக நறுக்கிய நந்தியாவட்டைக் காம்பு ஒன்று இருந்தது.

"இதாலயே தொட்டு வெச்சுருங்," என்றார் முத்துரத்தினம், குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல யோசனையைச் சொல்பவரின் திருப்தியோடு. "பத்தருதான் சொன்னாரு. இத்தன பத்திரமா இருக்கறத, சாங்கியத்துக்குன்னு கெடுத்துப்போடக் கூடாது பாருங்."

சிவசண்முகம் காம்பை எடுத்தார்.

"கையாலயே வெய்யுங்க," என்றாள் கோகிலவாணி.

அவர் அவளைப் பார்த்தார். "பதிஞ்சிரும் கோகிலா."

"பதியட்டும்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டுமுங்க. சாங்கியமே அதுதானே."

அவர் தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா பத்தரைப் பார்த்தார். பத்தர், பொன்னைப் பற்றி எதுவும் அறியாத ஒரு சிறுபிள்ளை பேசியதைக் கேட்டவர் போலத் தலையை மெல்ல அசைத்தார். கூட்டத்தில் ருக்குமணி மட்டும் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "கையாலதான் வெச்சுப் போடுங்களேன், என்ன இப்ப," என்றாள். யாரோ அவளை அதட்டினார்கள். சிவசண்முகத்தின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் காற்றில் சற்று நேரம் நின்றன. நூலை உருட்டும் பழக்கத்தில் அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டன. பின்பு அவர் காம்பின் நுனியைக் குங்குமத்தில் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தங்கத்தில் காம்புகூடப் படாதபடி ஒரு பொட்டை இட்டார். அது ஒரு சிறு மழைத்துளியைப் போல உருண்டு நின்றது. ஊர் பெருமூச்சு விட்டது. மேளம் எழுந்தது. அம்மனுக்குத் தாலி ஏறியது. கோகிலவாணி தீபாராதனை முடியும் வரை மணையிலிருந்து எழவில்லை, முகத்தையும் மாற்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில், சிவசண்முகம் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார்.

"முத்துரத்தினம் என்ன சொன்னாரு கேட்டியா? இந்த மாதர ஒரு தம்பதிய மணையில பாத்ததே இல்லீன்னாரு. நெனச்சுப் பாரு கோகிலா. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாளு உன்னையச் சிரமப்படுத்தியிருப்பனா? ஒரு கீறல் உழுந்திருக்குமா? அத ஊரு பாத்துச் சொல்லுதுன்னா, அதுக்கு மேல என்ன வேணுஞ் சொல்லு."

அவள் நின்றாள். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் அவளை நிறுத்தியது. கைவிடப்பட்டதாக அவள் எண்ணிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் அவருடைய கணக்கில் காப்பாற்றிய ஆண்டுகளாக இருந்தன. வெறுத்தவனிடம் சண்டையிடலாம், மறந்தவனுக்கு நினைவூட்டலாம். பத்திரப்படுத்தியவனிடம் எதைச் சொல்லி வழக்காடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, சங்கிலியோடு தாலியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "கையக் காட்டுங்க."

"என்னத்துக்கு?"

"இது நீங்க பாதுகாத்தது. நீங்களே வெச்சுக்குங்க."

கேலி இல்லை, கோபம் இல்லை, பரிசு கொடுப்பவளின் குரலும் இல்லை. அவர் கையை விரித்தார். உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கோழிக் குஞ்சை வாங்கிக்கொண்டவர் போல, விரல்களை மூடவும் தெரியாமல் கையைத் தாழ்த்தவும் தெரியாமல், சிவசண்முகம் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தார். அந்த யோசனையிலேயே இருந்தார்.

மறுநாள் காலையில், தர்மகர்த்தா முத்துரத்தினம் கோயில் வாசலில் தோரணத்தை இறக்கச் சொல்லிவிட்டு, இனிவரும் வருடங்களிலும் மணைச் சடங்குக்கு நந்தியாவட்டைக் காம்பே வழக்கம் என்று பூசாரியிடம் சொன்னார். பூசாரி சரி என்றார். அதன்பின் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று ஊர் நம்பத் தொடங்குவதற்கு அதிக காலம் ஆகவில்லை.

ருக்குமணி வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தபோது, கோகிலவாணி ஒரு பெட்டியோடு படியிறங்கி வருவதைப் பார்த்தாள். "இன்னிக்கும் பள்ளிக்கொடமுங்களா டீச்சரக்கா?" என்று கேட்டாள். "அக்கரைல லீவு இல்ல ருக்கு," என்றாள் அவள். ருக்குமணி பெட்டியைப் பார்த்தாள், பின்பு வெறுங்கழுத்தைப் பார்த்தாள், அதன்பின் உள்ளே போய், தூக்கம் கலையாத குழந்தையைக் கொண்டுவந்து அவளுடைய தோளில் சாய்த்தாள். பேருந்தின் ஒலி கேட்கும் வரை அப்படியே விட்டு வைத்திருந்தாள். பேருந்து போன பிறகு கோலத்தை முடிக்காமலே உள்ளே போய்விட்டாள்.

சிவசண்முகம் நாற்காலியில் விழித்தார். வலக்கை இறுக மூடியிருந்தது. திறந்தபோது தாலி தாலியாக இல்லை. நான்கு விரல்களின் பள்ளமும், கட்டைவிரல் ரேகையின் வரிகளும், உள்ளங்கையின் குறுக்குக் கோடும் அதில் ஆழமாக ஏறியிருந்தன. அவர் "கோகிலா" என்று கூப்பிட்டார். சமையலறையிலும் பின்கட்டிலும் கூப்பிட்டார். பிறகு செருப்புப் போடாமல் பத்தரின் கடைக்குப் போனார். பத்தர் அப்போதுதான் கடையைத் திறந்து, சாமிபடத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். கையைப் பார்த்துப் பதறி, "உக்காருங், கல்லுல தேச்சா ஒரு நாழில பழைய மாதர ஆயிரும்," என்று அகேட்டை எடுத்தார். சிவசண்முகம் விரல்களை மூடிக்கொண்டார். "வேண்டாமுங்," என்றார். பத்தர் எடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைத்து வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவசண்முகம் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றார். அவள் எப்போதும் மாலைப் பேருந்தில் வருபவள். அவர் காலையிலிருந்தே நின்றார்.

கோகிலவாணி பாலத்தைக் கடந்தபோது அவள் மேலிருந்து எதுவும் உதிரவில்லை. பெட்டியைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு, முதல் இரண்டு வகுப்புகளை எடுத்துவிட்டு, கடைவீதிக்கு நடந்து ஒரு நகைக்கடையின் நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் போட்டுக்கொள்ள ஒரு சங்கிலி வேண்டும் என்றாள். விற்பனைப் பெண் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். இது இருபத்திரண்டு, இது பதினெட்டு, பார்வைக்கு அது, உழைப்புக்கு இது என்றாள். கோகிலவாணி பதினெட்டைத் தொட்டாள். அது சற்று வெளிறியிருந்தது, விரலின் கீழே உறுதியாக இருந்தது, அவளுடைய விரல் அதில் இறங்கவில்லை.

"எந்த ஊருங்க்கா?"

"மேலைவலசு."

"அப்ப இத எடுக்காதீங்க. பாலந் தாண்டுனா செம்பெல்லாம் கொட்டிப் போயிரும்."

"தெரியும்," என்றாள் கோகிலவாணி. "இதையே போட்டு உடு கண்ணு."

பெண் மேசையைச் சுற்றி அவளுக்குப் பின்னால் வந்தாள். சற்றுக் குனியச் சொல்லி, பிடரியில் இருந்த மயிரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, யாரோ எவரோ என்ற எண்ணமே இல்லாமல் வெறும் விரல்களால், அழுத்தி, கொக்கியை மாட்டினாள். அந்த விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. கோகிலவாணி கண்களை மூடிக்கொண்டாள். சங்கிலி எதையும் பதித்துக்கொள்ளவில்லை.